அரை அஞ்சு

அந்தக் கயிறு வேண்டாம் தம்பி, கீழ வையுங்க. அது துணி காயப் போடறதுக்கு. கல்லைத் தூக்கி நிறுத்தணும்னா தடிக் கயிறு வேணும், உள்ள இருக்கு, எடுத்துத் தர்றேன். அவசரம் என்ன? கல்லு எங்கயும் ஓடிடாது. உட்காருங்க. அந்த உப்பு மூட்டை மேலயே உட்காரலாம், ஒண்ணும் ஆகாது. பார்த்துக் கட்டின மூட்டை.

இன்னைக்கு இங்கதான் சாப்பாடு. மறுக்கக் கூடாது. அஞ்சரைக்கு இந்த வீட்டுல ராத்திரிச் சாப்பாடு. அஞ்சரைன்னு நான் சொல்றேன். உள்ள இருக்காளே என் வீட்டுக்காரி, அவ கொண்டு வர்றது ஆறரைக்கு. பதினெட்டு வருஷமா இதே கதை. நான் அஞ்சரைக்கு மேஜைக்குப் போயிடுவேன், கழுத்துல துண்டைக் கட்டிக்குவேன், வெறும் தட்டைப் பார்த்துக்கிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். சமையல் எப்பவோ முடிஞ்சிருக்கும். வாசனை வரும். அடுப்படியில சத்தமே இருக்காது. சும்மா ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு இருப்பா. கூப்பிட்டா திரும்ப மாட்டா. ஆறரை அடிச்சதும் கொண்டு வந்து வைப்பா. சோம்பேறித்தனம், வேற என்ன?

மெதுவாப் பேச வேண்டியதில்ல. கேட்டா கேட்கட்டும். ஒரு திரைதானே நடுவுல.

கையும் கொஞ்சம் சரியில்ல அவளுக்கு. இடது கையில ரெண்டு விரல் வெந்து ஒட்டிப் போச்சு. அதனால தாமதம்னு ஊர்க்காரங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன். என்ன இருந்தாலும் பொண்டாட்டியை விட்டுக்கொடுக்க முடியுமா?

நேரம்னா எனக்கு உசிரு தம்பி. இந்தக் கடை ஆறு மணிக்குத் திறக்கும்னா ஆறு மணிக்குத் திறக்கும். சர்ச் மணி அடிக்கிறவர் ஒரு காலத்துல என் கடைக் கதவு திறக்கிற சத்தத்தைக் கேட்டுத்தான் கயிற்றைப் பிடிப்பார். பத்தொன்பது வயசுல ஜெர்மனியில இருந்து இந்த மிசௌரிக்கு வந்தேன். முதுகுல ஒரு மூட்டை. ஊசி, நூல், கத்தரிக்கோல், பொத்தான். பண்ணை பண்ணையா நடந்து வித்தேன். கூட ஒருத்தன் நடந்தான், ஹென்னிங்னு. எங்க ஊர்ப் பக்கத்துப் பையன். அவன் தங்கச்சி லீஸ்பெத்தைத்தான் பின்னால நான் கட்டினேன். என் மச்சினன் அவன். மழையில ரெண்டு பேரும் ஒரே தார்ப்பாயைப் போர்த்திக்கிட்டு நடந்திருக்கோம். வாயைக் கட்டி வயித்தைக் கட்டித்தான் இந்தக் கடையை வச்சேன். வடக்கு தெற்குச் சண்டை வர்றதுக்கு முன்னால பன்னிரண்டு வருஷம் சக்கைப் போடு போட்டுச்சு.

இந்த நாட்டுக்காரங்களோட வியாபாரம் பண்றதுதான் கஷ்டம். அவங்களுக்கு நேரம்னா என்னன்னே தெரியாது. சரக்கு விக்க வர்ற ஏஜென்ட் 'ஹாஃப் பாஸ்ட் த்ரீ'க்கு வர்றேன்னு சொல்லுவான். நான் சரியா வாசல்ல நிப்பேன். ஆளைக் காணோம். ஒரு மணி நேரம் கழிச்சு சிரிச்சுக்கிட்டே வந்து இறங்குவான். ஒருத்தன் ரெண்டு பேர் இல்ல, வர்றவன் எல்லாம் ஒரு மணி நேரம் தாமதம். பன்னிரண்டு வருஷத்துல ஒருத்தன்கூடச் சொன்ன நேரத்துக்கு வந்ததில்ல. நான்தான் ஒவ்வொருத்தனையும் மன்னிச்சு விட்டேன்.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். நீங்க சர்ச் வாசல்ல நிறுத்தப் போற கல்லை நேத்து போய்ப் பார்த்தேன். நல்லா வெட்டியிருக்கீங்க. சண்டையில செத்த எட்டுப் பேரு, எட்டுப் பேர் பேரும் பிசிறில்லாம இருக்கு. முதல் பேரே ஹென்னிங்தான். பார்த்ததும் தொப்பியைக் கழட்டிட்டேன். பொய் சொல்லல. அதுக்குக் கீழ ஒரு வரிக்கு இடம் விட்டு, கரிக்கோடு போட்டு வச்சிருக்கீங்க. 'நேரத்துக்கு வந்தார்கள்'னு. நாளைக்குத்தானே அதை வெட்டப் போறீங்க?

அதை வெட்ட வேண்டாம். அவ்வளவுதான் நான் கேட்கிறது. கயிறு சும்மாவே எடுத்துட்டுப் போங்க. வேற என்ன வேணும்? ஆணி, எண்ணெய், எது வேணுமோ எடுத்துக்கோங்க.

ஏன்னா கேட்கிறீங்க? நீங்க வெளியூர். உங்களுக்கு இங்க நடந்ததை யாரும் சரியாச் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்றேன், கேளுங்க.

சண்டை வந்துச்சு. அடிமைகளை விடமாட்டோம்னு தெற்குக்காரங்க துப்பாக்கி எடுத்தாங்க. நம்ம ஜெர்மன்காரங்க முக்கால்வாசிப் பேர் வடக்குப் படையோட நீலச் சட்டை போட்டுக்கிட்டோம். மனுஷனை விக்கிறதும் வாங்கறதும் வியாபாரமா? அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். எங்க ஊர்ப் படைக்கு என்னை சார்ஜென்ட் ஆக்கினாங்க. ஏன்? எனக்கு இங்கிலீஷ் தெரியும். மத்தவங்க எல்லாம் விவசாயிங்க, ஆசாரிங்க. மேஜர் அமெரிக்கன். அவர் சொல்றதை நான்தான் நம்ம பேச்சுல சொல்லணும்.

நாலாம் வருஷம், இலையெல்லாம் உதிர்ற சமயம். தெற்குக்காரக் குதிரைப் படை ஒண்ணு நம்ம பக்கம் வருதுன்னு சேதி. ஊருக்குப் பின்னால ஆறு, அது மேல மரப் பாலம். இப்ப வெறும் கட்டைங்க தண்ணியில நிக்குதே, அதுதான். அக்கரையில ஆலையில கோதுமை மாவு இருந்துச்சு. அதை எதிரிக்கு விட்டுட்டு வர முடியுமா? ஹென்னிங்கையும் ஏழு பேரையும் வண்டி கட்டி அனுப்பினாங்க. அவங்க திரும்பி வந்ததும் பாலத்தைக் கொளுத்திடணும். வராட்டியும் ஒரு நேரத்துக்கு மேல காத்திருக்கக் கூடாது. அந்த நேரத்தை மேஜர் குதிரை மேல இருந்தபடியே என்கிட்ட சொல்லிட்டு, வேற பக்கம் போயிட்டார்.

'ஹாஃப் பாஸ்ட் ஃபைவ்'னு சொன்னார்.

இங்க கொஞ்சம் கவனிங்க. நீங்க இந்த நாட்டுலயே பிறந்தவர். நம்ம பேச்சு பேசறீங்க, ஆனா நாக்கு அமெரிக்க நாக்கு. அதனால விளக்கமாச் சொல்றேன். நம்ம பேச்சுல அரை அஞ்சுன்னா என்ன? நாலரை மணி. நாலு முடிஞ்சாச்சு, அஞ்சாவது மணியில பாதி ஓடியாச்சு, அதான் அரை அஞ்சு. எங்க அப்பா அப்படித்தான் சொன்னார், எங்க ஊர்ப் பாதிரியார் அப்படித்தான் சொன்னார். வரப்போற மணியைப் பார்த்துச் சொல்றோம். இந்த நாட்டுக்காரன் என்னடான்னா போன மணியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறான். அஞ்சு தாண்டி அரைங்கிறான். இதுல எது ஒழுங்கு, நீங்களே சொல்லுங்க.

மேஜர் 'ஹாஃப்'னார், 'ஃபைவ்'னார். நடுவுல ஏதோ ஒரு சொல். இவங்க பேச்சுல நடுவுல எப்பவும் ஏதாவது ஒண்ணு கிடக்கும், அதையெல்லாம் நான் கண்டுக்கிறதில்ல. அரை, அஞ்சு. அரை அஞ்சு. நம்ம ஆளுங்ககிட்ட அப்படியே சொன்னேன். அரை அஞ்சுக்குக் கொளுத்தணும்.

அப்ப அந்த ரொட்டிக்காரன் டீட்மார் இருக்கானே, அவன் மூக்கை நுழைச்சான். "யோஸ்ட், இங்கிலீஷ்ல அப்படிச் சொன்னா அஞ்சரைடா. எனக்குத் தெரியும், என் முதலாளி அமெரிக்கன்"னான். எல்லார் முன்னாலயும். நான் சொன்னேன், "முதல்ல சார்ஜென்ட்னு கூப்பிடு. பன்னிரண்டு வருஷம் அமெரிக்கன் ஏஜென்ட்டுகளோட பேரம் பேசினவன் நான். நீ மாவு பிசையறவன். உனக்கு மேஜர் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா?" முணுமுணுத்துக்கிட்டே தார் வாளியைத் தூக்கப் போனான். படைன்னா கட்டுப்பாடு வேண்டாமா? ஆளுக்கு ஒரு நேரம் சொல்ல ஆரம்பிச்சா என்ன ஆகும்?

நாலரை ஆச்சு. பாலத்துல தார் ஊத்தி வச்சிருந்தோம். டீட்மார் மறுபடியும் வந்தான். "கொஞ்சம் பொறுப்போம், அக்கரையில சத்தமே இல்லையே, எதிரி இன்னும் வரலையே, ஒரு மணி நேரம் பொறுத்தா என்ன?"ன்னான். நான் கடிகாரத்தை எடுத்து அவன் மூஞ்சிக்கு நேராக் காட்டினேன். நேரம்னா நேரம். தீ வச்சேன். என் கையாலதான் வச்சேன். வேற யாரும் வைக்க மாட்டேன்னுட்டாங்க.

காஞ்ச மரம், எப்படிப் பிடிச்சுச்சுங்கிறீங்க!

அஞ்சு அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால அவங்க வந்தாங்க. எட்டுப் பேரும். மாவு வண்டி கூடவே. பாலம் நடுவுல விழுந்தாச்சு. அவங்களுக்குப் பின்னால குதிரைச் சத்தம். ஆத்துக்கு மேல்பக்கம் மழை பெஞ்சு ஆறு கரை முட்ட ஓடுது. ஹென்னிங் வண்டி மேல ஏறி நின்னு கையை ஆட்டினான். இக்கரைக்கு நல்லாக் கேட்டுச்சு. என்ன கேட்டான் தெரியுமா? "மச்சான், மணி என்ன?"ன்னு கேட்டான்.

தான்தான் தாமதமா வந்துட்டோம்னு நினைச்சிருப்பான், பாவம்.

நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னேன். "அஞ்சு ஆகப் போகுது"ன்னு கத்தினேன். ஒருத்தன் மணி கேட்டா சொல்ல வேண்டியதுதானே? அவன் கையைக் கீழ போட்டுட்டு என்னையே பார்த்தான். அப்புறம் தெற்குக்காரங்க சுட ஆரம்பிச்சாங்க. மூணு பேர் தண்ணியில குதிச்சாங்க. ஹென்னிங்குக்கு நீச்சல் தெரியாது. அவனும் குதிச்சான். எட்டுப் பேர்ல ஒருத்தனும் பிழைக்கல, ரெண்டு பேர் உடம்பு கடைசி வரைக்கும் கிடைக்கல. ஹென்னிங்கை ஆலைக்குக் கீழ, கரையோரப் புதர்ல கண்டுபிடிச்சாங்க. கோட்டு முழுக்க மாவு, தண்ணியில ஊறிக் களியாயிருந்துச்சு. அதை நான்தான் வழிச்சு எடுத்தேன்.

புகையைப் பார்த்து ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் ஓடி வந்தாங்க. லீஸ்பெத்தும் வந்தா. வந்தவ அண்ணன் கத்தறதைக் கேட்டிருக்கா. எரியற பலகையை வெறுங்கையால பிடிச்சு இழுக்கிறா! பலகையை இழுத்துப் போட்டா பாலம் வந்துடுமா? பைத்தியம். நான்தான் இடுப்பைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். இல்லேன்னா அவளும் போயிருப்பா. அதுக்கு ஒரு நன்றி கிடையாது.

மேஜர் அஞ்சரைக்கு வந்தார். பாலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னார். அதை உங்ககிட்ட சொல்ல மாட்டேன், கடையில சொல்ற வார்த்தை இல்ல. மறுநாள் என் சட்டைக் கையில இருந்த சார்ஜென்ட் பட்டையைப் பிடுங்கிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. விசாரணையில நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஜெர்மன் படைக்கு உத்தரவு கொடுக்கிறவர் ஜெர்மன் மணியில சொல்லியிருக்க வேண்டாமா? அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. பதில் இருந்தாத்தானே சொல்லுவாங்க!

அதுக்கப்புறம் கடை படுத்துடுச்சு. புதுசா ஒருத்தன் எதிர்த் தெருவுல கடை போட்டான், அவன் விக்கிற வினிகர் கொஞ்சம் நல்லா இருக்கும், அதான் எல்லாரும் அங்க போறாங்க. டீட்மார் எனக்கு ரொட்டி விக்கிறதில்ல. போகட்டும், அவன் ரொட்டி எப்பவுமே புளிப்பு. அடுத்த ஊர்ல இருந்து வாரம் ஒரு தடவை வரவழைச்சுச் சாப்பிடறேன். காஞ்சு போயிருக்கும், நனைச்சுச் சாப்பிட்டா பரவாயில்ல.

லீஸ்பெத்தும் ஒரு மாதிரி ஆயிட்டா. வீட்டுல எல்லாம் நம்ம பேச்சுதான். ஆனா மணி மட்டும் நம்ம பேச்சுல சொல்ல மாட்டா. இங்கிலீஷ்லதான் சொல்லுவா. ஏதோ பொம்பளைப் பிடிவாதம்னு விட்டுட்டேன்.

இப்பச் சொல்லுங்க தம்பி. 'நேரத்துக்கு வந்தார்கள்'னு கல்லுல வெட்டினா என்ன அர்த்தம்? அவங்க வந்தாங்க, நான் மறுக்கல. ஆனா அதைப் படிக்கிறவன் என்ன கேட்பான்? அப்ப நேரம் தவறினது யாருன்னு கேட்பான். ஊரே கையை நீட்டிக் காட்டும். என்னை! இந்த ஊர்ல நேரம் தவறாத ஒரே ஆள் நான். நான் செத்த பிறகும் அந்தக் கல்லு அங்க நிக்கும் தம்பி. மழையில அழியாது, வெயில்ல அழியாது. ராத்திரி தூக்கம் இல்ல.

என்ன? அந்த வரியை வெட்டச் சொன்னவங்க வந்து வேண்டாம்னாத்தான் எடுப்பீங்களா? சரி, சொன்னது யாரு? பாதிரியாரா? டீட்மாராத்தான் இருக்கும். அவன்தான் பதினெட்டு வருஷமா வயித்தெரிச்சல்ல வேகறான்.

அவன் இல்லையா?

பொம்பளையா? எந்தப் பொம்பளை? பேர் சொல்லலையா? உங்க பட்டறைக்கே நடந்து வந்தாளா? அவ்வளவு தூரமா? ஆள் எப்படி இருந்தா? வயசு?

...கையில.

இடது கையிலயா.

என்ன தம்பி நீங்க, இந்த ஊர்ல அடுப்புல கை சுட்டுக்காத பொம்பளை யாரு இருக்கா? எத்தனையோ பேர். தார் காய்ச்சறவ இருக்கா, சோப்பு காய்ச்சறவ இருக்கா. ஆலைக்காரன் பொண்டாட்டிக்குக்கூட ஒரு விரல் கோணல். அவளாத்தான் இருக்கும். ஆலைக்காரன் பொண்டாட்டிதான். நான் அவகிட்டப் பேசிக்கிறேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? திரைப் பக்கம் ஏன் பார்க்கிறீங்க?

கேட்டீங்களா, கடிகாரம் அடிக்குது. அஞ்சரை. நாம போய் மேஜையில உட்காரலாம், வாங்க. வெறும் தட்டுதான் இருக்கும், முன்னாலயே சொல்லிட்டேன். இப்படி உட்காருங்க. இந்தத் துண்டைக் கட்டிக்கோங்க.

அட! பார்த்தீங்களா? பார்த்தீங்களா தம்பி! ஆவி பறக்கக் கொண்டு வர்றா! அஞ்சரைக்கு! நான் சொல்லல? ஒரு நாள் இவ திருந்துவான்னு எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் ஆச்சு, ஆனா திருந்திட்டா. வை, வை லீஸ்பெத். விருந்தாளிக்கு முதல்ல வை. எனக்கும் வை. உன் தட்டு எங்க? நீ உட்காரலையா?

எதுக்கு வெளிய போற தொப்பி போட்டிருக்க? கோட்டு எதுக்கு? அந்தப் பை என்ன?

உன் தங்கச்சி வீட்டுக்கா? இப்பவா? சொல்லவே இல்லையே நீ. ரயில்லயா? சரி போ, போய் ரெண்டு நாள் இருந்துட்டு வா, நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்? பையைத் தூக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் வர்றேன், சாப்பிட்டுடறேன் இரு. இரேன். எப்ப திரும்பி வருவேன்னாவது சொல்லிட்டுப் போ.

என்ன சொன்ன?

லீஸ்பெத்!

...போயிட்டா. கதவைக்கூடச் சாத்தல. சூடு ஆறுது தம்பி, நீங்க சாப்பிடுங்க. ஏன் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? அவ சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா? 'அரை அஞ்சுக்கு'ன்னா. நம்ம பேச்சுல! பதினெட்டு வருஷமா அவ வாயில வராதது. என்ன நல்லாச் சொன்னா பார்த்தீங்களா, எங்க ஊர்ல சொல்ற மாதிரியே.

என்னைக்குன்னு சொல்லல. நாளைக்காத்தான் இருக்கும். அரை அஞ்சுன்னா நாலரை. அதுல சந்தேகமே இல்ல. நாலரைக்கு ஸ்டேஷன்ல இருப்பேன்.

ஆனா... இவ்வளவு வருஷமா இங்கிலீஷ் மணியிலயே புழங்கினவ. மாத்திச் சொல்லியிருப்பாளோ? அஞ்சரையை நினைச்சுக்கிட்டு அரை அஞ்சுன்னு சொல்லியிருப்பாளோ? நீங்க என்ன நினைக்கிறீங்க தம்பி? நீங்க ரெண்டு பேச்சும் தெரிஞ்சவராச்சே. எந்த அரை அது?

சொல்ல மாட்டேங்கிறீங்க. சரி விடுங்க. எதுக்கும் நாலரைக்கே போயிடறேன். இறங்கலேன்னா அங்கயே நிக்கிறேன், அஞ்சரைக்கு வந்து இறங்குவா. நாளைக்கு இல்லேன்னா மறுநாள் போறேன். அதுல என்ன கஷ்டம்? ஒரு மணி நேரம்தானே. நம்ம ஆள் ஒருத்தர் வர வேண்டியிருக்கும்போது ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாதவன் எவனாவது இருப்பானா தம்பி?